எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: முடிவெடுப்பது முதல் இன்சூரன்ஸ் ஒப்புதல் வரை

"உங்களுக்கு ஆபரேஷன் பண்ணலாம்" என்று டாக்டர் சொல்வது வேறு, "பணம் தருகிறோம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்வது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் அட்மிஷன் தேதி வரை போய்விட்டு, கடைசி நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். பேரியாட்ரிக், அதாவது எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதற்கான கேஷ்லெஸ் ஒப்புதலையும் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவது) அலைந்து திரிந்து வாங்கிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். எந்தக் காகிதம் எதற்கு என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

இந்தியாவில் ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி வைத்திருப்பவர்களுக்கானது இது. உங்களுக்கு எந்த ஆபரேஷன் பொருந்தும் என்பதைச் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லப்போவது அதைச் சுற்றியுள்ள மற்ற எல்லாமும்.

1. முதலில் பி.எம்.ஐ. கணக்கு

எடையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்குங்கள். எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். உயரம் 160 செ.மீ., எடை 103 கிலோ என்றால் 103 ÷ 2.56 = 40.2.

இந்த எண்ணை இரண்டு அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். ஒன்று மருத்துவ அளவுகோல். ஆசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால், நமக்கான வரம்பு கீழே இருக்கிறது. 2022-இல் அமெரிக்க, சர்வதேச பேரியாட்ரிக் சர்ஜன்கள் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில், பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5-இல் இருந்தே யோசிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது இன்சூரன்ஸ் அளவுகோல். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் வகுத்த வரையறைப்படி அது 40, அல்லது குறிப்பிட்ட சில நோய்களோடு சேர்ந்து 35.

ஆக, பி.எம்.ஐ. 33 உள்ள ஒருவரிடம் சர்ஜன் "தாராளமாகச் செய்யலாம்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆபரேஷனுக்குப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உயரத்தைச் சரியாக அளப்பது மிக முக்கியம். மேலே சொன்ன அதே 103 கிலோ ஆளின் உயரத்தை யாரோ செருப்போடு அளந்து 162 என்று எழுதிவிட்டால் பி.எம்.ஐ. 39.2 ஆகிவிடும். இரண்டு சென்டிமீட்டரில் லட்சக்கணக்கான ரூபாய் நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் பொருத்திய ஸ்டேடியோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் 160, இன்னொன்றில் 163 என்று இருந்தால் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு வந்த முதல் கேள்வியே அதுதான்.

2. ஆபரேஷன் வேண்டுமா?

இன்சூரன்ஸ் கிடைக்கிறது என்பதற்காக யாரும் இதைச் செய்துகொள்ள வேண்டாம். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது.

இப்போது அதிகம் நடப்பது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல விட்டுவிடுவார்கள். அடுத்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். இதில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பை மட்டும் அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மினி பைபாஸ் என்பது அதன் எளிமையான வடிவம். பைபாஸில் எடை சற்றுக் கூடுதலாகக் குறையும், சர்க்கரைக் கட்டுப்பாடும் நன்றாக இருக்கும். ஆனால் சத்துக் குறைபாட்டு அபாயமும் அதில்தான் அதிகம். உங்களுக்கு நெஞ்செரிச்சல் பிரச்சினை இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சர்ஜனிடம் சொல்லுங்கள். ஸ்லீவுக்குப் பிறகு அது கூடக்கூடும், சிலருக்குப் புதிதாகவே வரும்.

எவ்வளவு குறையும் என்று எல்லோரும் கேட்பார்கள். தோராயமாக ஸ்லீவில் மொத்த உடல் எடையில் கால் பங்கு, பைபாஸில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். 110 கிலோ இருப்பவர் 80, 85-க்கு வரலாம். 60-க்கு வந்துவிடுவோம் என்ற கற்பனையோடு போகாதீர்கள். சில வருடம் கழித்து ஓரளவு எடை திரும்ப ஏறுவதும் சகஜம்தான்.

வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்தக்கூடாது. முதல் வருடம் சில மாதங்களுக்கு ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உண்டு. பைபாஸ் செய்தவர்கள் தலைவலிக்கும் முட்டிவலிக்கும் இஷ்டப்படி ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக்கூடாது, குடல் புண் வரும். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டும், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் சர்ஜனே முதலில் அதை விடச் சொல்வார். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தாலும் நாலு வாய்க்கு மேல் இறங்காது. பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்லிப் பழக வேண்டும், அதுதான் பெரிய பாடு.

மருந்து வழியும் இப்போது இருக்கிறது. டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்தது. செமாக்ளூடைடும் கிடைக்கிறது. நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதும், புறநோயாளியாக வாங்கும் மருந்துக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை என்பதும் இதன் சிக்கல்கள். இருந்தாலும் பி.எம்.ஐ. 35-க்குக் கீழே இருப்பவர்கள் கத்திக்கு முன்னால் ஒரு எண்டோக்ரினாலஜிஸ்டை (ஹார்மோன், சர்க்கரை நோய் நிபுணரை) பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. 35-க்கு மேல் இருப்பவர்கள் பார்த்தால், அந்தச் சந்திப்பின் சீட்டு பின்னால் இன்சூரன்ஸுக்கும் உதவும். அதை நான்காவது படியில் சொல்கிறேன்.

இரண்டு சர்ஜன்களிடமாவது கேளுங்கள். "இந்த மாதம் சேர்ந்தால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்துகிற இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

3. பாலிசியில் எங்கே பார்க்க வேண்டும்

ஏஜென்ட் அனுப்பிய ஒரு பக்க விளம்பரம் போதாது. முழு பாலிசி ஆவணத்தை எடுங்கள். "விலக்குகள்" பகுதியில் எக்ஸ்குளூஷன் கோடு 06 என்று ஒன்று இருக்கும். உடல்பருமன், எடைக் கட்டுப்பாடு பற்றியது. கம்பெனி எதுவானாலும் இதன் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான், ஏனென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தது. கீழ்க்கண்ட எல்லா நிபந்தனைகளும் நிறைவேறாவிட்டால் பணம் இல்லை என்பது அதன் சாரம்:

- டாக்டரின் ஆலோசனைப்படி செய்யப்பட வேண்டும்.
- மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்ட அறுவை சிகிச்சையாக இருக்க வேண்டும்.
- வயது 18 நிரம்பியிருக்க வேண்டும்.
- பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். அல்லது 35-க்குக் குறையாமல் இருந்து, எளிய எடைக்குறைப்பு முறைகள் பலிக்காமல் போய், கூடவே இந்த நான்கில் ஒன்று: உடல்பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிர ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடுவது), கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்.

இந்த நாலு நோய்ப் பட்டியலை இரண்டு தடவை படியுங்கள். அதில் முட்டிவலி இல்லை. பி.சி.ஓ.டி. இல்லை. கொழுப்புக் கல்லீரல் இல்லை. ரத்த அழுத்தம்கூட இல்லை. பி.எம்.ஐ. 37, இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது, படி ஏற முடியவில்லை என்று ஒருவர் போனால் டாக்டருக்கு அது முழு நியாயமான காரணம், பாலிசிக்கு அது காரணமே இல்லை. அநியாயம்தான். ஆனால் விண்ணப்பிக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய அநியாயம்.

அடுத்து காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகு எத்தனை மாதம் வரை பணம் வராது என்பது. முன்பே இருந்த நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம், பட்டியலிட்ட குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன்னால் இது 48 ஆக இருந்தது. பேரியாட்ரிக் உங்கள் பாலிசியின் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை மாதம் என்று பாருங்கள். அவசரமாக இன்சூரன்ஸ் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: கூட்டிய தொகைக்குக் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். 3 லட்சம் பாலிசியை 10 லட்சம் ஆக்கினால் அடுத்த மாதமே 10 லட்சமும் கிடைத்துவிடாது.

சில பாலிசிகளில் பேரியாட்ரிக்குக்கு மட்டும் தனி உச்சவரம்போ, பில்லில் இத்தனை சதவீதம் நீங்களே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோ வைத்திருப்பார்கள். இது விலக்குகள் பகுதியில் இருக்காது, பலன்களின் அட்டவணையில் இருக்கும்.

ஆபீஸ் கொடுத்த குரூப் பாலிசி என்றால் நிலைமை பெரும்பாலும் சாதகம். பல குரூப் பாலிசிகளில் காத்திருப்புக் காலமே கிடையாது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகப் பேரம் பேசி வாங்கியது என்பதால் பக்கத்து ஆபீஸ் நண்பரின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. எச்.ஆர்.-இடம் பாலிசி நிபந்தனைகளை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். வேலை மாறும் யோசனை இருந்தால் இந்த ஆபரேஷனை முடித்துவிட்டு மாறுங்கள். ராஜினாமா செய்து கடைசி வேலை நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பும் அன்றோடு சரி.

4. கோப்பு தயார் செய்வது

அதிக நேரம் பிடிக்கிற வேலை இது. முதல் கன்சல்டேஷனிலிருந்து அட்மிஷன் வரை இரண்டு மூன்று மாதம் ஒதுக்கிவிடுங்கள். ஏற்கெனவே பழைய சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்குக் குறையலாம்.

அ. எடை வரலாறு. கடந்த சில வருடங்களில் எந்த மருத்துவமனைச் சீட்டிலாவது உங்கள் எடை எழுதியிருந்தால் அது தங்கம். வருடாந்திர ஹெல்த் செக்கப் ரிப்போர்ட், பிரசவகால அட்டை, பல வருடத்துக்கு முந்தைய அறுவை சிகிச்சை டிஸ்சார்ஜ் சம்மரி, எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

ஆ. எடை குறைக்க முயன்றதற்கான சான்று. ஜிம்முக்குப் போனேன், டயட் இருந்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் எடுபடாது. டயட்டீஷியன் தேதி போட்டு எழுதிய சீட்டுகள், எண்டோக்ரினாலஜிஸ்டின் மருந்துச் சீட்டுகள், எடைக்குறைப்பு ஊசி வாங்கியிருந்தால் அதன் பில். பாலிசி வாசகத்தின்படி பார்த்தால் இந்த நிபந்தனை 35-க்கான பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் 40-க்கு மேல் இருப்பவர்களிடமும் கேட்கிறார்கள், அதனால் யாராக இருந்தாலும் சேர்த்து வையுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் இன்றைக்கே ஒரு டயட்டீஷியனிடம் பதிவு செய்து மாதாமாதம் போக ஆரம்பியுங்கள்.

இ. கூட இருக்கும் நோய்க்கான ரிப்போர்ட். சர்க்கரை என்றால் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கடந்த ஆறு மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் நல்லது, கூடவே என்னென்ன மாத்திரை, இன்சுலின் எடுக்கிறீர்கள் என்ற சீட்டு. "கட்டுக்குள் வராத" என்பதற்குப் பாலிசியில் எண் எதுவும் கொடுக்கவில்லை. அதனால் மருந்து எடுத்தும் சர்க்கரை குறையவில்லை என்பதை டாக்டர் தன் கடிதத்தில் வாக்கியமாகவே எழுத வேண்டும். ஸ்லீப் ஆப்னியா என்றால் குறட்டை விடுகிறார் என்று மனைவி சொன்னது போதாது. இரவு முழுக்கச் செய்யும் பாலிசோம்னோகிராஃபி ரிப்போர்ட் வேண்டும். அதில் ஏ.எச்.ஐ. என்ற எண், அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்பது, 30 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் "தீவிரம்". பலர் இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே விண்ணப்பித்துவிடுகிறார்கள். பி.எம்.ஐ. 35-க்கும் 40-க்கும் நடுவில் இருப்பவர்கள், பகலில் தூக்கம் தள்ளுகிறது என்றால் முதலில் இதைச் செய்துபாருங்கள். வேறு எதுவும் இல்லாதபோது இதுதான் பலருக்குக் கதவைத் திறக்கிறது.

ஈ. சர்ஜனின் கடிதம். லெட்டர்பேடில், கையெழுத்து, பதிவு எண், முத்திரையோடு. அளந்த தேதி, உயரம், எடை, பி.எம்.ஐ., கூட இருக்கும் நோய்கள், இதுவரை செய்த முயற்சிகள், எந்த ஆபரேஷன், ஏன் அவசியம் என்பது எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். "நோயாளி எடை குறைக்க விரும்புகிறார்" என்ற வரி இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். விருப்பத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். மருத்துவத் தேவை என்று இருக்க வேண்டும்.

உ. மற்றவை. மனநல மதிப்பீடு, எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகள், இதயப் பரிசோதனை. இவற்றை மருத்துவமனையே எடுக்கச் சொல்லும். பில்லையும் ரிப்போர்ட்டையும் சேர்த்தே வையுங்கள். அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவு பாலிசியில் வரும் என்றால், இவற்றை அந்த நாட்களுக்குள் செய்துகொண்டால் அந்தப் பணமும் திரும்பக் கிடைக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் போலக் கடுமையான டயட் கொடுப்பார்கள். அதில் நாலைந்து கிலோ இறங்கிவிடும். 40.2-இல் இருந்தவர் அட்மிஷன் அன்று 38.5-இல் இருப்பார். அட்மிஷன் சீட்டில் அந்த எடையை மட்டும் எழுதினால் கதை கந்தல். டயட் தொடங்கும் முன் எடுத்த எடையும் தேதியும் சர்ஜனின் கடிதத்தில் இருக்க வேண்டும், எடை குறைந்தது டாக்டர் சொன்ன டயட்டால்தான் என்ற வரியும் சேர வேண்டும்.

இன்னொன்று. "எடையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாம் சார்", "வேறு ஆபரேஷன் பெயரில் போட்டுடலாம் மேடம்" என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பிடிபட்டால் கிளெய்ம் போவதோடு பாலிசியும் போகும். அதற்குப் பிறகு புதிய பாலிசி வாங்குவது குதிரைக் கொம்பு.

5. மருத்துவமனையும் செலவும்

உங்கள் கம்பெனியின் நெட்வொர்க்கில் இருக்கும் மருத்துவமனையாகப் பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் பட்டியலில் பார்த்து, மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்கிலும் கேட்டு இரண்டையும் உறுதி செய்யுங்கள். பட்டியலில் பெயர் இருக்கும், ஒப்பந்தம் காலாவதியாகியிருக்கும்.

பெரிய ஊர்களின் தனியார் மருத்துவமனைகளில் செலவு சுமார் 3 முதல் 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்டிமேட்டை மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். அறை, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், ஸ்டேப்ளர், மருந்து என்று வரி வரியாகக் கேளுங்கள். இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ்கள் ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏறும். பில்லில் பெரிய துண்டு அதுவாகத்தான் இருக்கும்.

அறை வாடகையில் ஏமாறாதீர்கள். பாலிசியில் நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது 8,000 ரூபாய் அறையில் படுத்தால், மூவாயிரம்தானே கூட என்று தோன்றும். அப்படி இல்லை. சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். சர்ஜனுக்கு ஒரு லட்சம் என்றால் 62,500-தான் வரும். மருந்து, ஸ்டேப்ளர் போன்ற கருவிகள், பரிசோதனைகளுக்கு இந்த வெட்டு கிடையாது. கையுறை, மாஸ்க் போன்றவற்றுக்கும் பல பாலிசிகளில் பணம் வராது. எல்லாம் ஒப்புதல் ஆனாலும் கையிலிருந்து ஐம்பதாயிரம் வரை போகும் என்று தயாராக இருப்பது நல்லது.

6. ப்ரீ-ஆத் விண்ணப்பம்

ப்ரீ-ஆத் என்பது அட்மிஷனுக்கு முன்பே கம்பெனியிடம் கேட்கும் கேஷ்லெஸ் ஒப்புதல். திட்டமிட்ட அட்மிஷன் என்பதால் குறைந்தது மூன்று நாள் முன்னால் விண்ணப்பம் போக வேண்டும். என்னைக் கேட்டால் பத்து நாள் முன்னாலேயே அனுப்பச் சொல்லுங்கள், கேள்வி வந்தால் பதில் சொல்ல அவகாசம் இருக்கும். 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நடைமுறையில் அந்த ஒரு மணி நேரத்தில் வருவது பல நேரம் ஒரு கேள்விதான்.

விண்ணப்பப் படிவத்தை மருத்துவமனைதான் நிரப்பும். "நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். அனுப்பும் முன்னால் ஒரு தடவை உங்கள் கண்ணால் படித்துவிடுங்கள். குறிப்பாக "எத்தனை வருடமாக இந்த நோய்" என்ற கட்டம். ஜூனியர் டாக்டர் கேட்கும்போது நாம் பேச்சுவாக்கில் "ஒரு பத்து வருஷமா இருக்கும்" என்போம். அவர் சர்க்கரை 10 வருடம் என்று எழுதுவார். பாலிசி எடுத்து நாலு வருடம்தான் ஆகிறது, விண்ணப்பத்தில் சர்க்கரை பற்றிச் சொல்லவில்லை என்றால் முடிந்தது, நோயை மறைத்துவிட்டார் என்று நிராகரிப்பார்கள். முதன்முதலில் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட ரிப்போர்ட்டை எடுத்து, அதில் உள்ள தேதியைப் பார்த்து உள்ளபடி சொல்லுங்கள். பாலிசி தொடர்ச்சியாக 60 மாதம் கடந்திருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய மறைத்ததாகச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

கூடவே போக வேண்டியவை: பாலிசி அட்டை, ஆதார், பான், நான்காவது படியில் சேர்த்த எல்லாம். தெளிவாக ஸ்கேன் செய்து ஒரே பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். மொபைலில் சாய்வாக எடுத்த படங்களை டெஸ்கில் அப்படியே அனுப்பிவிடுவார்கள், அந்தப் பக்கம் யாருக்கும் படிக்க வராது.

முதலில் வருவது பெரும்பாலும் ஒரு பகுதித் தொகைக்கான ஒப்புதல். எஸ்டிமேட் 4 லட்சம், ஒப்புதல் ஒன்றரை லட்சம் என்று பார்த்து மிரள வேண்டாம், மிச்சம் டிஸ்சார்ஜ் சமயத்தில் வரும். ஆனால் இந்த முதல் ஒப்புதல் வராமல் "அப்புறம் வந்துடும்" என்று அட்மிட் ஆகாதீர்கள். உயிர் போகிற அவசரம் இல்லாத ஆபரேஷன், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாது.

7. கேள்வி வந்தால், மறுத்தால்

கேள்வி வருவது மறுப்பு ஆகாது. எந்த ஆவணம் கேட்டார்கள் என்பதை டெஸ்கில் எழுத்தாக வாங்கி, அதற்கு மட்டும் பதில் கொடுங்கள். கூடுதல் விளக்கம் எழுதி புதுக் கேள்விகளைக் கிளப்ப வேண்டாம்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால்கூட கிளெய்ம் முடிந்துவிடவில்லை. பணத்தைக் கட்டி ஆபரேஷன் செய்துகொண்டு பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். ஆனால் காரணம் "ஆவணம் போதாது" என்றால்தான் இந்த வழி. "எக்ஸ்குளூஷன் 06-இன் கீழ் வராது" என்பது காரணம் என்றால், சொந்தப் பணத்தைப் போடும் முன்னால் சண்டையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சண்டைக்கு வரிசை இருக்கிறது. மறுப்பை, எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், சர்ஜனின் மறுமொழிக் கடிதத்தோடு. இரண்டு வாரத்தில் சரியான பதில் இல்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் மேலே, பாலிசிதாரர்களின் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகரம், காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது, 50 லட்சம் ரூபாய் வரையிலான கிளெய்மை விசாரிப்பார்கள். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ போகலாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயத்தில் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், முதலில் இங்கே போவது நல்லது.

பி.எம்.ஐ. 36, பட்டியலில் உள்ள நோய் எதுவும் இல்லை என்றால் இந்த வரிசையில் எங்கே போனாலும் அநேகமாகத் தோற்பீர்கள். காகிதம் உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

8. டிஸ்சார்ஜும் அதற்குப் பிறகும்

மருத்துவமனையில் இரண்டு மூன்று நாள் இருப்பீர்கள். டிஸ்சார்ஜ் விண்ணப்பம் போனதிலிருந்து மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிய இடத்திலேயே படியுங்கள். உயரம், எடை, நோயின் காலம் மூன்றும் ப்ரீ-ஆத் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு திருத்தம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்பவர்கள் அசல் பில்கள், பணம் கட்டிய ரசீதுகள், பில்லின் வரிவாரி விவரம், ஸ்டேப்ளரின் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும், ரத்து செய்த காசோலை எல்லாவற்றையும் பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் டிஸ்சார்ஜிலிருந்து 15 அல்லது 30 நாள். அனுப்பும் முன் முழு செட்டையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேஷ்லெஸில் முடித்தவர்கள் பலர் அதோடு மறந்துவிடுவது, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளை. வைட்டமின், புரோட்டீன் பவுடர், டயட்டீஷியன் கட்டணம் என்று முதல் இரண்டு மாதம் நிறையப் போகும். புரோட்டீன் பவுடருக்குப் பெரும்பாலும் வராது. டாக்டர் எழுதிய மருந்து, ரத்தப் பரிசோதனை, ஃபாலோஅப் கன்சல்டேஷனுக்கு வரும். பாலிசியைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் வரை. சீட்டும் பில்லும் ஜோடியாக இருக்க வேண்டும்.

எடை குறைந்ததும் தொங்கும் தோலை அகற்ற நினைப்பவர்கள் அதற்கும் இதே பாலிசி பணம் தரும் என்று எண்ணிவிடாதீர்கள். அது அழகுக்கான அறுவை சிகிச்சை என்று எக்ஸ்குளூஷன் 08-இல் தள்ளிவிடுவார்கள். அதற்கு வேண்டுமானால் தனியாகப் பணம் சேர்க்க வேண்டும். பாலிசிப் புதுப்பிப்பையும் தவறவிடாதீர்கள். ஒரு முறை விட்டுப்போனால், இந்த ஆபரேஷன் உங்கள் மருத்துவ வரலாற்றில் ஏறிய பிறகு, புதிதாக யாரும் லேசில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.